ஈயம் நம் மண்ணில், அறிவு யார் கையில்?

மாணவர்களே, வெளியூரிலிருந்து ஈப்போவுக்கு யாராவது வந்தால் அவர்களை எங்கே அழைத்துப் போவோம்? பெரும்பாலும் தாவுகே கோழிக் கடைக்குத்தான். அந்தத் தாவுகே குட்டையாக, குண்டாக இருக்கும். கடித்தால் நறுக்கென்று உடையும். அதை வளர்ப்பதில் பேர்போன ஊர் நம் புந்தோங். சுண்ணாம்புக் குன்றுகளின் வழியே ஊறி வரும் தண்ணீர்தான் அதற்குக் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் சிறு வயதில் கேட்டேன், நம்பினேன், பிறரிடமும் சொன்னேன். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என எனக்குப் பல ஆண்டுகள் தோன்றவே இல்லை.

தாவுகே குண்டாவதற்குத் தாவரவியல் வேறொரு காரணத்தையும் சொல்கிறது. 1901-இல் ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற மாணவர் இருட்டறையில் பட்டாணி முளைகளை வளர்த்தார். அவை நிமிர்ந்து வளராமல் குட்டையாகவும் தடித்தும் வளைந்தும் வளர்ந்தன. ஆய்வுக்கூடத்தின் விளக்குகளுக்கு எரிவாயு குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. அதில் கலந்திருந்த எத்திலீன் என்ற வாயுதான் முளைகளை அப்படி மாற்றியது என்று அவர் கண்டுபிடித்தார். தாவரங்களே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பது பின்னால் தெரிய வந்தது. பழுக்கும் வாழைப்பழத்திலிருந்து அது வெளிவருகிறது. மேலிருந்து பாரம் அழுத்தும்போது முளையும் அதை உண்டாக்கும். ஆழமான தொட்டியில் நெருக்கமாக முளைக்கும் பயறுகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. அப்போது எத்திலீன் சுரக்கிறது, தண்டு நீளாமல் தடிக்கிறது. அப்படியானால் புந்தோங் தாவுகேயின் புகழ் தண்ணீருக்கா, அழுத்தத்துக்கா, இரண்டுக்குமா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்திருங்கள். கடைசியில் அதற்குத் திரும்புவோம்.

இந்த எத்திலீனுக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டு விலகுமுன் பெரட்டு, பிறகு நிரை, மங்கு, வாளி என்று ஓடிய வாழ்க்கை அவருடையது. சில காலங்களில் மரத்தின் வெட்டுக் காயத்தை ஒட்டிப் பட்டையைச் சுரண்டி மருந்து பூசச் சொல்வார்களாம். பூசினால் பால் வழக்கத்தைவிட நெடுநேரம் சொட்டும். “அது என்ன மருந்தும்மா?” என்று ஒருமுறை கேட்டேன். “யாருக்குத் தெரியும்? ஸ்டோரில் கலக்கிக் கொடுப்பாங்க, நாங்க பூசுவோம்” என்றார்.

அந்த மருந்தின் பெயர் எத்திஃபோன். பட்டைக்குள் போனதும் அது சிதைந்து எத்திலீனை வெளியிடும். மரத்தை வெட்டியதும் பால் குழாய்களின் வாய் சிறிது நேரத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எத்திலீன் அந்த அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. 1960-களின் இறுதியில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள் இதைச் சோதித்து, எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசலாம் என்று கணக்கிட்டார்கள். என் அம்மாவின் கைக்கு அந்த மருந்து வந்தது. அதன் பெயரும் அது வேலை செய்யும் விதமும் வந்து சேரவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. ரப்பர் தொழில் அதன் தொடக்கத்திலிருந்தே ஓர் அறிவுத் தொழில். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து கோலகங்சாருக்கு வந்த ஒன்பது கன்றுகளில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் அந்தக் கன்றுகள் மட்டும் யாரையும் பணக்காரராக்கிவிடவில்லை. மரத்தைச் சாகடிக்காமல் ஒரே காயத்தை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி கண்டறிந்த பிறகுதான் தோட்டங்கள் பெருகின. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அங்கே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகங்கள், விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பால் கொடுத்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபோது அமெரிக்காவுக்கு ரப்பர் கிடைக்காமல் போயிற்று. உடனே அவர்கள் பணத்தையும் வேதியியலாளர்களையும் குவித்து, சில ஆண்டுகளிலேயே செயற்கை ரப்பரை லட்சக்கணக்கான டன்னில் தயாரித்தார்கள். பின்னாளில் இங்கே ரப்பர் விலை சரிந்ததற்கும், தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதற்கும், தோட்டத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு புந்தோங் போன்ற இடங்களுக்கு வந்ததற்கும் அந்த ஆய்வுக்கூடங்களும் ஒரு காரணம்.

நம் முன்னோர் சோம்பேறிகள் அல்லர். மிக நுட்பமான கைவேலை தெரிந்தவர்கள். மரத்தின் உயிர்ப்படலத்தில் உளி படாமல் மில்லிமீட்டர் கணக்கில் பட்டை சீவுவது எல்லாருக்கும் வந்துவிடாது. ஆனால் அந்தத் தொழிலின் அறிவு ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலும் இருந்தன. சம்பளமும் அப்படியே பிரிந்து போயிற்று.

ஈயத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் பேச்சில் ஈயம் என்பதைப் பாடநூல் வெள்ளீயம் என்று சொல்லும். காரீயம் வேறு உலோகம், நஞ்சானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பங்கு நம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்து, விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன. குட்டைகள் மிஞ்சின. ஈப்போவின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள்.

ஈயத்தின் கதை முடியவில்லை. உங்கள் கைப்பேசியைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உறுப்புகளைப் பலகையோடு ஒட்டிவைத்திருக்கும் வெள்ளிநிறப் பொட்டுகள் தெரியும். அவை பற்றாசு. காரீயம் உடலுக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு பரவலான பற்றாசுக் கலவை ஒன்றில் 96.5 விழுக்காடு ஈயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. அதாவது கைப்பேசியையும் கணினியையும் காரையும் ஒட்டிவைத்திருப்பதில் நம் பழைய ஈயத்துக்கும் பங்குண்டு. அண்மை ஆண்டுகளின் விலையில் ஒரு கிராம் ஈயம் பத்துப் பதினைந்து காசுதான். அதே ஈயம் சரியான இடத்தில், சரியான வெப்பநிலையில், சரியான தடிமனில் உட்கார்ந்தால் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி விலையுள்ள பொருளின் பகுதியாகிவிடுகிறது. நடுவில் கூடிய மதிப்பு முழுக்க அறிவின் மதிப்பு. அறிவுப் பொருளாதாரம் என்ற பெரிய சொல்லுக்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுவே.

இந்த வேலை எங்கோ தைவானில் மட்டும் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மின்சில்லுகளுக்கு உறை போட்டுச் சோதிக்கும் கார்செம் நிறுவனம் 1972-இலேயே ஈப்போவில் தொடங்கியது. சிம்பாங் பூலாயில் யூனிசெம் இருக்கிறது. உங்கள் அக்காவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ இப்படிப்பட்ட ஏதோவொரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் பேருந்தில் போய் வருபவராக இருக்கலாம்.

இத்தகைய ஆலைகளில் பொறியியலாளர்கள் மல்லுக்கட்டும் ஒரு சிக்கலைச் சொல்கிறேன், கேளுங்கள். மின்சில்லின் கால்களுக்கு ஈய முலாம் பூசுவார்கள். தூய ஈய முலாமிலிருந்து சில வேளை, யாரும் தொடாமலே, தலைமுடியைவிட மெல்லிய ஊசிகள் முளைக்கும். ‘ஈய மீசை’ என்று வைத்துக்கொள்வோம், ஆங்கிலத்திலும் அதற்கு மீசை என்றே பெயர். ஒரு கால் அடுத்த காலோடு இந்த மீசையால் தொட்டுக்கொண்டால் மின்சுற்று குறுக்கிட்டுப் பழுதாகும். 1998-இல் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து, அமெரிக்காவில் பெரும்பாலான பேஜர்கள் ஊமையாயின. அதற்கு ஈய மீசையே காரணம் என்று சொல்லப்பட்டது. முன்பு கொஞ்சம் காரீயம் கலந்து மீசையை அடக்கினார்கள். காரீயத்தை விலக்கியதும் மீசை திரும்பி வந்தது. இப்போது முலாம் பூசிய பின் 150 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குவது பரவலான ஒரு தீர்வு. முலாமுக்குள் இருக்கும் அழுத்தத்தை அது தணிக்கிறது. ஆனால் மீசை எப்போது, எங்கே முளைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் முழுமையான கோட்பாடு இல்லை.

அந்தச் சூடாக்கும் அடுப்பின் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கலாம். ஒருவர் தட்டை உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுப்பவர். மற்றவர் ஏன் 150, ஏன் 120 போதாது என்று தெரிந்தவர். முதலாமவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை, என் அம்மாவும் அந்த இடத்தில் நின்றவர்தான். என் கவலை வேறு. தோட்டத்தில் மருந்தின் பெயர் தெரியாமல் மருந்து பூசினோம். ஈப்போவில் மின்சில்லுத் தொழில் வந்து 50 ஆண்டுக்கு மேலாகிறது. இன்னொரு தலைமுறையும் பெயர் தெரியாமலே அடுப்பின் முன் நிற்கப் போகிறதா?

நாடு பணம் ஒதுக்கத்தான் செய்கிறது. அறிவுப் பொருளாதாரத்துக்கென ஒரு பெருந்திட்டம் 2002-இலேயே வெளிவந்தது, அப்போது உங்களில் யாரும் பிறந்திருக்கவில்லை. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய மின்சில்லு வியூகத் திட்டத்தில் 2,500 கோடி வெள்ளி ஆதரவும் 60,000 பொறியியலாளர்களை உருவாக்கும் இலக்கும் உள்ளன. பேராக்கிலேயே ஈப்போவில் 1969 முதல் உங்கு ஒமார் பாலிடெக்னிக், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் பழைய ஈயக் குட்டைகளின் கரையில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கின்றன. கட்டடங்களுக்குக் குறைவில்லை என்றே சொல்வேன். ஆராய்ச்சிக்கான செலவு மட்டும் பல ஆண்டுகளாக நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தென்கொரியா ஏறக்குறைய ஐந்து விழுக்காடு செலவிடுகிறது. இது நம் தலைவர்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு.

ஆனால் அந்த 60,000 பேர் எங்கிருந்து வருவார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். படிவம் 3 மாணவருக்கு 15 வயது. எஸ்.பி.எம். இரண்டு ஆண்டு, மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்.மோ ஓரிரண்டு ஆண்டு, பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. 23 வயதில் பொறியியலாளர். அரசு தேடும் ஆள்களில் பலர் இன்று வெள்ளைச் சட்டையும் பச்சைச் சிலுவாரும் போட்டுக்கொண்டு பள்ளிப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். படிவம் 4-இல் எந்தப் பாடத் தொகுப்பு என்று கேட்டு உங்களிடம் ஒரு தாள் கொடுப்பார்களே, கோடிக்கணக்கான வெள்ளித் திட்டமெல்லாம் கடைசியில் அந்தத் தாள் வழியாகத்தான் போக வேண்டும். இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் அங்கே விட்டுவிட்டால், பெரும்பாலான பொறியியல் கதவுகள் 15 வயதிலேயே சாத்திக்கொள்கின்றன. பிறகு திறக்க முடியாது என்றில்லை, ஆனால் சுற்றுவழி நீளம்.

அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்ற விகிதம் 1960-களின் இறுதியிலிருந்து நாட்டின் கொள்கை. அது ஒருபோதும் எட்டப்படவில்லை. மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று எளிதாகப் பழி போட்டுவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு காரணங்கள் என் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஒன்று, அறிவியலைக் கையால் தொடாமலே படிப்பது. நீண்ட காலம் எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களின் மூன்றாம் தாள் எழுத்துத் தாளாக இருந்தது. பியூரெட்டைப் பிடிக்காமலே தைத்தரிப்பைப் பற்றி எழுதி ‘ஏ’ வாங்க முடிந்தது. 2021 எஸ்.பி.எம். முதல் செய்முறைத் தேர்வு திரும்பியிருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் செய்முறைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் தராசு வேண்டும், உடையாத குவளைகள் வேண்டும், பொருள் தீர்ந்தால் வாங்கப் பணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆய்வுக்கூட உதவியாளர் வேண்டும். ஐந்து பேர் குழுவில் ஒருவர் செய்ய நால்வர் எட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. அறிவியல் கல்வியில் முதலீடு என்று மேடையில் பேசும்போது என் மனத்தில் வருவது புதிய கட்டடமன்று, சாதாரண இடைநிலைப்பள்ளியின் அந்த இரண்டாம் மாடி ஆய்வுக்கூடம். கோயில் திருவிழாவுக்கும் விருந்து நிகழ்ச்சிக்கும் தாராளமாகக் கொடுக்கும் நம் சமூகத்தின் முன்னாள் மாணவர்கள், தாங்கள் படித்த பள்ளிக்கு நான்கு நுண்ணோக்கிகள் வாங்கிக் கொடுத்தால் என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று மொழி. தமிழ்ப்பள்ளியில் ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளை படிவம் 1-இல் அதையே ‘ஃபோத்தோசிந்தேசிஸ்’ என்று மலாயில் சந்திக்கிறது. நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். முதல் ஆறு மாதம் தடுமாறியவுடனே ‘எனக்கு அறிவியல் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு அறிவியல் வரும். இலைக்குள் நடப்பது என்ன என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மாறியது பெயர்ச்சீட்டு மட்டும். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்று பத்தி கோடு போட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று ஒரே பொருளுக்குரிய மூன்று சொல்லையும் எழுதி வாருங்கள். படிவம் 3 முடிவதற்குள் உங்களிடம் ஒரு கைப்பட எழுதிய அகராதி இருக்கும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் காட்டுங்கள். அறிவியல் படித்தால் மருத்துவர், இல்லையேல் அறிவியல் எதற்கு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. மருத்துவம் நல்ல தொழில்தான். ஆனால் அரசு மருத்துவமனைகளில் இளம் மருத்துவர்களை ஒப்பந்த முறையில் சேர்க்கத் தொடங்கியே பல ஆண்டுகளாகின்றன. முலாம் பூசும் வேதியியலாளர், இயந்திரத்தைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர், மின்சில்லைச் சோதிக்கும் நிரலை எழுதுபவர் என்று எத்தனையோ வேலைகள் நம் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. பட்டப்படிப்பு வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு டிப்ளோமா வழியும் இருக்கிறது. மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயந்து, எளிதான தொகுப்பை எடுத்து ‘ஏ’க்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் அறிவுரையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கூடுதல் கணிதத்தில் ஒரு ‘சி’ சில வாசல்களையாவது திறந்து வைக்கும். எடுக்காத பாடத்தால் ஒரு வாசலும் திறக்காது.

இனி, ஓரமாக வைத்த கேள்விக்கு வருவோம். இந்தப் பள்ளி விடுமுறையில் புந்தோங் மாணவர்கள் யாராவது அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். செலவு பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். அடியில் துளையிட்ட ஒரே அளவுள்ள நான்கு பாத்திரங்கள், ஒரே கடையில் வாங்கிய பச்சைப் பயறு, ஒவ்வொன்றிலும் ஒரே எடை. இரண்டு பாத்திரங்களுக்குக் குன்றடி ஊற்றுத் தண்ணீர், இரண்டுக்குச் சுண்ணாம்பு நீக்கிய வடிகட்டிய தண்ணீர். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றின் மேல் ஈரத்துணி மட்டும், மற்றதன் மேல் ஈரத்துணியோடு ஒரு தட்டும் ஒரு கிலோ பாரமும். நான்கையும் இருட்டில் வையுங்கள். ஒரே நேரத்தில், ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வடியுங்கள். பழுத்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஐந்தாம் நாள் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் கண்ணை மூடி முப்பது முளைகளை எடுத்து நீளத்தையும் தடிமனையும் அளந்து அட்டவணை போடுங்கள். தடிமனுக்கு வெர்னியர் அளவி வேண்டும். அது பள்ளி ஆய்வுக்கூடத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும், ஆசிரியரிடம் கேளுங்கள்.

தண்ணீர் ஜெயிக்குமா, பாரம் ஜெயிக்குமா என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. உங்கள் அட்டவணை வரும்வரை அதைச் சொல்லமாட்டேன்.